தாளில் விழும் அருவி

கொல்லிமலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியின் முன் நின்றால் எனக்கு ஓவியர் தாமஸ் டேனியல்தான் நினைவுக்கு வருவார். விழுகிற தண்ணீரை ஓர் ஓவியன் எப்படிப் பிடிப்பது?

இங்கிலாந்தில் விடுதிக்காரர் மகன்; குதிரை வண்டிகளுக்கு வர்ணம் பூசித் தொழில் பழகியவர். அண்ணன் மகன் வில்லியமோடு 1786இல் கல்கத்தா வந்தார். 1792இல், மைசூர்ப் போர் ஓய்ந்த கையோடு, சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். ராயக்கோட்டையை வரைந்தார்கள். பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். என் மனம் நிற்பது அந்த அருவியில்தான்.

வரைந்ததை அச்சாக்க, செம்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, சூடேற்றி ஒட்டவைத்து, அமிலத்தில் திரும்பத் திரும்ப முக்குவார்கள். அமிலம் அரித்த ஆழத்துக்கு ஏற்ப நிழல் கறுக்கும். வெளிச்சம் வேண்டிய இடத்தை வார்னிஷால் முன்பே மூடிவிட வேண்டும். அங்கே வெறும் தாள்தான் வெள்ளையாக எஞ்சும். அச்சான பிறகு கையால் நிறம் ஏற்றுவார்கள். 1795 முதல் 1808 வரை இப்படி 144 படங்கள், 'ஓரியண்டல் சீனரி' என்ற தொகுப்பாக.

அவர்களுடைய வானம் எனக்குச் சற்று மென்மையாகப் படுகிறது. நம் வெயிலின் உக்கிரம் அதில் இல்லை. பாறைகளோ அசல் நம்முடையவை. அவற்றின் எடையை இவ்வளவு மரியாதையோடு பார்த்த வெளியூர்க் கண்கள் அபூர்வம்.