புத்தனாற்று மீட்பு: ஆழம் மட்டும் அளவுகோலா?

திருவனந்தபுரத்தில் வலியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவின் சரக்கு ஒரு காலத்தில் வள்ளக்கடவு வரை நீர்வழியே வந்தது. ராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சியில், 1820களில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறே அந்த வழி. கோவளம் முதல் பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீளும் மேற்குக் கடற்கரைக் கால்வாயின் ஒரு கண்ணியாக அதை மீட்பது இன்றைய திட்டம்.

நோக்கத்தில் குறையில்லை. ஆகாயத்தாமரையையும் சேற்றையும் அகற்றினால் தேங்கிய நீர் நகரும். மழைநாளில் வெள்ளம் வடியும். லாரியைவிடக் குறைந்த எரிபொருளில் படகு சரக்கைச் சுமக்கும். சூழல் அக்கறையின் பெயரால் இப்பயன்களைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது.

குறை அளவுகோலில் இருக்கிறது. இதே மேற்குக் கடற்கரைக் கால்வாயில், 1993இல் அறிவிக்கப்பட்ட கொல்லம்–கோட்டப்புறம் தேசிய நீர்வழியின் இலக்கு 2 மீட்டர் ஆழம். படகின் தேவையை ஆழமும் அகலமும் துல்லியமாகச் சொல்கின்றன. நீருக்கும் கரைக்கும் நேர்வதை அவை சொல்வதில்லை.

நேர்வது சிறிதன்று. புத்தனாற்றின் அடிச்சேற்றில் நகரக் கழிவு பல்லாண்டுகளாகப் படிந்திருக்கிறது. வடக்கே கடினங்குளம் காயலில், தேங்காய் மட்டை ஊறிய இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. இத்தகைய சேற்றைக் கிளறினால் நீரின் ஆக்சிஜன் குறையும். கலங்கல் ஒளியை மறைக்கும். அடித்தளப் புழுவும் சிப்பியும் அழியும். அவற்றை உண்ணும் மீன் அகலும். வாரிய சேற்றைச் சதுப்பில் கொட்டினால் கேடு இடம் மாறுகிறதே தவிர, தீர்வதில்லை. ஆழம் கூடினால், பொழி எனும் கழிமுகம் திறக்கும்போது உப்புநீர் மேலும் உள்ளேறும்: அது ஆகாயத்தாமரையைக் கொல்லும், கரையோரக் கிணற்றையும் உவராக்கும். முதல் விளைவைப் பயனாக எழுதி, இரண்டாவதை விட்டுவிடும் கணக்கு மதிப்பீடாகாது.

முறையிலும் ஓர் இடைவெளி உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2009 திருத்தத்தின்படி, பராமரிப்புத் தூர்வாரலுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அப்பணி மூலத் திட்டத்தில் இடம்பெற்று, சூழல் மேலாண்மைத் திட்டத்துடன் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு நூற்றாண்டுக்கு முன் வெட்டிய கால்வாய்க்கு அப்படியொரு மூலத் திட்டம் இருக்க வழியில்லை. ஆகவே இதைப் பராமரிப்பு என்று கொள்வதைவிட, புதுப்பணிக்குரிய ஆய்வுக்கு உட்படுத்துவதே தர்க்கத்துக்கு இசைவானது.

ஒருங்கிணைப்பும் போதவில்லை. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுடைய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆயினும் கழிவுநீர் கால்வாயில் கலப்பது நிற்கவில்லை. வரும் வாயை அடைக்காமல் தூர்வாரினால் சேறு மீண்டும் படியும், மீண்டும் வார வேண்டிவரும். அடித்தள உயிர்கள் தழைக்கத் தொடங்கும் முன்பே அடுத்த தூர்வாரல் வந்துவிடும்.

போக்குவரத்துப் பொறியியலாக இத்திட்டம் தேறுகிறது. ஆற்று மீட்பு என்ற பெயருக்கு இன்னும் தகுதி பெறவில்லை. அத்தகுதிக்கு வரிசை மாற வேண்டும்: முதலில் கழிவுநீர்த் தடுப்பு, அடுத்து சேற்றின் நச்சுச் சோதனை, பின்பு மீன் முட்டையிடும் பருவம் தவிர்த்த தூர்வாரல், அதன்பிறகே படகு.