லிவரின் கெட்டி

கொடைக்கானலில் வண்டி வைத்திருப்பவருக்கு பிரேக் ஆயில் மேல் தனி மரியாதை வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டுவரை பெரும்பாலும் இறக்கம்தான்; பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் சூடேறும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிவரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தாலோ, தாங்குவது 155 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். மலைக்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்து ஆவியானால் லிவர் கைப்பிடிவரை அமுங்கும், வண்டி நிற்காது.

அதனால் பழைய ஆயிலை மாற்றவேண்டும்; அதில் பிரேக்கிலிருந்து காற்றெடுக்கும் வேலையே எனக்குப் பிடித்தது. லிவரை அழுத்திப் பிடித்து நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினால், டியூபில் கருந்தேநீர் நிறத்தில் பழைய ஆயில் இறங்கும், நடுநடுவே குமிழிகள். நிப்பிளை இறுக்கிய பிறகே லிவரை விடவேண்டும். மேலே ஆயில் டப்பா வற்றவே கூடாது. மெல்ல நிறம் தெளியும், லிவர் விரலுக்குக் கெட்டியாகும். அந்த நிம்மதி அலாதி! திறந்து மீந்த டின்னை மட்டும் அடுத்த வருடத்துக்கென்று எடுத்துவைக்காதீர்கள், அதுவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.