தேக்குத் தளமும் லாரி எஞ்சினும்: பழைய டிராலர் யாட் விளம்பரங்களை வாசித்தல்

வழக்கமாக இங்கே காரைப் பக்கத்து அம்மோனைட், வாரணவாசி அருங்காட்சியகம், ஏரிக்கரைக் கல்வெட்டு என்றுதான் எழுதுவேன். இந்த முறை படகு. பெரம்பலூர்க்காரனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்திலிருந்து கடல் பின்வாங்கி ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டு ஆகிறது.

காரணம் என் அக்காவின் கணவர். ஜெயங்கொண்டத்துக்காரர், சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார். ஓய்வு பெறும்போது வருகிற பணத்தில் ஒரு பழைய டிராலர் யாட் வாங்கி, வருடத்தில் பாதி நாள் அதிலேயே வாழவேண்டும் என்பது அவர் ஆசை. அக்காவுக்கு அந்தப் பணத்தில் அரியலூரில் ஒரு வீடு. நடுவில் நான். "நீ டாக்குமெண்ட் நல்லா படிப்பியே மாப்ள, இதையும் படிச்சுச் சொல்லு" என்று மாமா ஒரு விளம்பரத்தை அனுப்பினார். இரண்டு மாதத்தில் நாற்பதுக்கு மேல் படித்துவிட்டேன். படித்ததில் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு: இந்த விளம்பரங்களில் எதை அழகு என்று காட்டுகிறார்களோ, பெரும்பாலும் செலவு அங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயர். டிராலர் என்றால் கடலடியில் மடி இழுக்கும் மீன்பிடிப் படகு. நம் கரையில் விசைப்படகு என்போம். டிராலர் யாட் மீன் பிடிக்காது. உயர்ந்த முகப்பு, ஆழமான வயிறு, மெதுவான டீசல் எஞ்சின் என்ற தோற்றத்தை மட்டும் கடன் வாங்கிய வீட்டுப் படகு அது. இந்த வகையில் அதிகம் கொண்டாடப்படுவது கிராண்ட் பேங்க்ஸ். 1956-ல் ஹாங்காங்கில் தொடங்கிய அமெரிக்கன் மரீன் நிறுவனத்தின் படகு. 1960களின் கடைசியில் சிங்கப்பூரிலும் பட்டறை போட்டார்கள், 1973-ல் மரத்தை விட்டு ஃபைபர் கிளாசுக்கு மாறினார்கள். கிராண்ட் பேங்க்ஸ் என்பது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள பெரும் மீன்பிடித் திட்டு. உண்மையான டிராலர்கள் அள்ளி அள்ளி, 1992-ல் அங்கே காட் மீன் பிடிப்பதையே கனடா அரசு நிறுத்தவேண்டி வந்தது. மீன் போய்விட்டது, பெயர் மட்டும் உல்லாசப் படகின் பின்புறத்தில் பித்தளை எழுத்தில் இருக்கிறது.

இனி விளம்பரம். அதற்கென்று ஒரு இலக்கணம் உண்டு. முதல் படம் மாலை வெயிலில் பக்கவாட்டுத் தோற்றம். அடுத்து மெருகேற்றிய தேக்குக் கூடம், படுக்கை, சமையல் மேடை. அப்புறம் மேல்தளம்: தேக்குப் பலகைகள் வரிசையாக, நடுவில் கறுப்புக் கோடுகளோடு. நாற்பது படத்தில் எஞ்சின் அறைக்கு ஒன்று அல்லது இரண்டு. டீசல் டேங்குக்குப் படமே இருக்காது. எழுத்தில் 'அன்போடு பராமரிக்கப்பட்டது' என்று கட்டாயம் இருக்கும். என்ன செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பது இருக்காது.

அந்தத் தேக்குத் தளத்தை எடுத்துக்கொள்வோம். பார்த்தவுடன் மனசு அதில்தான் விழுகிறது, எனக்கும் விழுந்தது. 1970களின் படகுகளில் அந்தப் பலகைகளை ஃபைபர் தளத்தின் மேல் திருகாணி போட்டுத்தான் இறுக்கினார்கள். ஒரு படகில் ஆயிரக்கணக்கான திருகாணி, அதாவது ஆயிரக்கணக்கான ஓட்டை. ஒவ்வொன்றின் தலையையும் சின்ன மரத்தக்கை மூடியிருக்கும். நாற்பது வருடம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் பலகை மெலிந்து தக்கை கழன்றுவிடும். மழைத்தண்ணீர் திருகாணி வழியாகக் கீழே இறங்கும். ஃபைபர் தளம் ஒரே தட்டு இல்லை. இரண்டு தட்டுக்கு நடுவில் நிரப்பு அடுக்கு உண்டு. தண்ணீர் அங்கே தங்கி அதை ஊறவைக்கும்.

அதோடு நிற்பதில்லை. பல பழைய படகுகளில் டீசல் டேங்க் இரும்புத் தகட்டில் செய்தது. தளத்திலிருந்து ஒழுகுகிற தண்ணீரும், டீசல் ஊற்றும் வாயைச் சுற்றிக் கசிகிற தண்ணீரும் டேங்கின் தலையில் போய்த் தேங்கும். டேங்க் மேலிருந்து துருப்பிடிக்கும். டேங்கை மாற்றவேண்டுமானால் வழியில் எஞ்சின் நிற்கிறது. பல படகுகளில் எஞ்சினைக் கழற்றாமல் டேங்க் வெளியே வராது. விளம்பரத்தின் ஏழாவது படத்தில் பளபளத்த தேக்குக்கும், படமே இல்லாத டேங்குக்கும் இப்படி ஒரு நேர்வழி இருக்கிறது. மென்பொருளில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். திரை அழகாக இருக்கும், டேட்டாபேஸ் அழுகிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர் எதிர் எஞ்சின். இந்தப் படகுகள் பலவற்றில் இருப்பது ஃபோர்டு லேமன் 120. ஆறு சிலிண்டர், 380 கன அங்குலம், 120 குதிரைத்திறன். அடிப்படையில் ஃபோர்டின் லாரி எஞ்சின். அமெரிக்காவின் லேமன் நிறுவனம் வாங்கிக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்றது. விளம்பரங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. உண்மையில் பழைய படகின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகளை ஓட்டியே வளர்ந்த அரியலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எளிய டீசல் எஞ்சின் எண்ணெயும் குளிர்ச்சியும் சரியாக இருந்தால் சாகாது. லேமனில் டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு, அதை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றிய தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் ஆள்தான் உண்மையில் அன்போடு பராமரித்தவர். 'குறைந்த மணி நேரமே ஓடியது' என்று பெருமையாகப் போடுவதும் ஏமாற்றும். வருடக்கணக்கில் கட்டிக்கிடந்த எஞ்சினைவிட, ஒழுங்காக ஓடிய எஞ்சின் மேல்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. இந்த வகைப் படகு சிரமமில்லாமல் போகும் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். 40 அடிக்கு ஏறக்குறைய 8.5 நாட், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தாண்ட முயன்றால் டீசல்தான் தண்ணீராகப் போகும். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் பீபி 1975-ல் வெளியிட்ட 'வாயேஜிங் அண்டர் பவர்' நூல் இதைப் பொறுமையாக விளக்குகிறது. அவருடைய 50 அடிப் படகு 'பாசேஜ்மேக்கர்' 1963-ல் சிங்கப்பூரில் கட்டப்பட்டு, இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிரேக்கம் போனது. நீருக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற விகிதத்தைப் பார்க்கச் சொல்கிறார் பீபி. மேலே மாடி மாடியாகக் கட்டியது துறைமுகத்தில் வசதி, கடலில் ஆட்டம். விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நாகப்பட்டினம் போயிருந்தேன். விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய படகு வாங்க வந்திருந்த ஒருவர் புது வர்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுத்தியலால் அடிப்பக்கத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்றால் அடுத்த இடம், மொத்தென்றால் அங்கேயே நின்று இன்னும் நாலு தட்டு. யாட் உலகத்தில் இதையே சம்பளம் வாங்கிக்கொண்டு சர்வேயர் செய்கிறார். கையில் ஈரமானியும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சர்வேக்கு உட்பட்டு மட்டுமே விலை பேசுவது அங்கே வழக்கம். அந்த ஒரு நிபந்தனைதான் வாங்குபவருக்குக் காப்பு.

இதையெல்லாம் பதினொரு பக்கமாக எழுதி மாமாவுக்கு அனுப்பினேன். இரவு போன் வந்தது. "எல்லாம் சரிதான் மாப்ள. ஆனா நீ பாக்குறதெல்லாம் கெட்டுப்போறது மட்டும்தான். அதுல இருந்து வாழணும்னா முதல்ல புடிக்கணும்ல?"

பதில் சொல்ல முடியவில்லை. என் பட்டியலில் உள்ள பெரிய ஓட்டை அதுதான். அகலமான நடைபாதை, கைக்கு எட்டும் இடத்தில் பிடிகம்பி, முகப்பிலிருந்து மெல்ல இறங்கும் அந்தக் கோடு: இவை வெறும் அலங்காரம் இல்லை. ஆடுகிற படகில் மனிதன் நடப்பதை யோசித்து வரைந்தவை. பிடித்தால்தான் ஒருவன் ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை குனிந்து எண்ணெய் மாற்றுவான்.

ஆனாலும் சர்வே வைத்தோம். டேங்கின் தலையில் துரு, இடது தளத்தில் ஈரம். மாமா விலகிக்கொண்டார். சர்வே கட்டணம் போனது, வீட்டுப் பணம் தப்பியது. அக்கா இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள்.

போன வாரம் இன்னொன்று அனுப்பியிருக்கிறார். தேக்கைப் பிடுங்கிவிட்டுச் சாம்பல் நிற வழுக்காத வர்ணம் பூசிய தளம். படங்கள் மங்கல். டேங்க் மாற்றிய ரசீதுக்கு ஒரு படம், எண்ணெய் நோட்டுக்கு ஆறு படம். பார்க்க நன்றாக இல்லை. சர்வேக்கு ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.