சேப்மன் துரை கட்டிய வேட்டி

தஞ்சோங் மாலிம் போகும் கொமுட்டர் ரயிலில்தான் இந்தப் புத்தகத்தில் பாதியைப் படித்து முடித்தேன். திட்டமிட்டுச் செய்ததில்லை. அப்போது எனக்கு அங்கே வேலை. பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு என்று நிலையங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்க, கையிலிருந்த பக்கத்தில் இதே பாதையின் தண்டவாளத்துக்கு அடியில் மூன்று வெள்ளைக்காரர்கள் வெடிமருந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். 1942 பிப்ரவரி மாதம். இப்போது இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி, பெட்டிக்குள் ஏர்கோன் குளிர். தடம் மட்டும் பழையது.

எஃப். ஸ்பென்சர் சேப்மன் எழுதிய 'தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்' 1949-இல் வெளிவந்தது. பீல்ட் மார்ஷல் வேவல் முன்னுரை எழுதியிருக்கிறார். சேப்மன் மலாயாவுக்கு வருவதற்கு முன் கிரீன்லாந்துப் பனியில் அலைந்தவர். 1937-இல் சோமோல்ஹரி சிகரத்தில் ஏறியவர். பறவைப் பைத்தியம் வேறு. ஜப்பானியர் தரையிறங்கிய நேரத்தில் சிங்கப்பூர் தஞ்சோங் பாலாயில் இருந்த 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். படை பின்வாங்கும்போது சிலர் காட்டுக்குள் தங்கிவிட வேண்டும், ஜப்பானியரைப் பின்னாலிருந்து அடிக்க வேண்டும் என்பது திட்டம். தாமதமாக வந்த திட்டம். அதற்குள் பாதி மலாயா போய்விட்டது.

பேராக்கில் சடக்கோரம் படுத்தபடி ஜப்பானியப் படை போவதை சேப்மன் வேடிக்கை பார்க்கும் இடம் ஒன்று உண்டு. புத்தகத்தின் தொடக்கப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள். ஆளுக்கொரு விதமான உடுப்பு. பேசிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். கனத்த பூட்ஸும் மூட்டையுமாகத் திணறும் தன் ஆட்களை அவர் நினைத்துக்கொள்கிறார். லேசாகப் போவது, கிடைத்ததைத் தின்பது, ஊருக்குள் கிடைத்த வண்டியை எடுத்துக்கொள்வது என்று கெரில்லாவுக்கு உரியதாக நாம் நினைக்கும் குணங்கள் எல்லாம் அங்கே படையெடுத்து வந்தவனிடம் இருக்கின்றன. இந்த முரணை ஓர் எழுத்தாளர் இன்னும் தோண்டியிருப்பார். சேப்மன் ராணுவ அதிகாரி. குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

பிறகு வருகிறது அந்த இரண்டு வாரம். 'பைத்தியக்கார இரு வாரம்' என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். சேப்மன், ஹார்வி, சார்ட்டின், மொத்தம் மூன்றே பேர். பகலில் காட்டில் தூக்கம், இரவில் நடை. தண்டவாளத்தின் கீழ் அழுத்தம் பட்டால் வெடிக்கும் பொறி. சடக்கில் வளைவு பார்த்து குண்டு புதைத்துவிட்டு லோரி வரிசைக்காகக் காத்திருப்பார்கள். முதல் லோரி வெடித்ததும் கையெறி குண்டு, டாமி துப்பாக்கி, பிறகு ஓட்டம். எதிரி சுதாரித்துத் திருப்பிச் சுடும்போது இவர்கள் கித்தா மரங்களுக்கு நடுவே மறைந்திருப்பார்கள். அவர் தரும் கணக்கு இது: ஏழெட்டு ரயில், பதினைந்து ரயில் பாலம், சுமார் 60 இடத்தில் தண்டவாள அறுப்பு, 40 வண்டி, 500-இலிருந்து 1,500 வரை ஆட்சேதம்.

அந்தக் கடைசிக் கணக்கில்தான் நான் நின்றுவிட்டேன். ஐந்நூறா ஆயிரத்து ஐந்நூறா? மூன்று மடங்கு வித்தியாசம். இதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடலாம், நண்பர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். எனக்கு இது நேர்மையாகவே படுகிறது. அடித்துவிட்டு ஓடுகிறவன் திரும்பி நின்று பிணம் எண்ண மாட்டான். எதிரிக்கும் இதே குழப்பம்தான். 200 ஆஸ்திரேலியர்கள் காட்டுக்குள் இருப்பதாக நம்பி, 2,000 சிப்பாய்களை இந்த மூன்று பேரைத் தேட விட்டிருந்தார்கள். பலவீனமானவனின் பெரிய ஆயுதம் எதிரியின் கற்பனைதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் இளைஞர்கள் பலர் இந்த அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், அல்லது இதைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். சினிமாவுக்கான பகுதி அது. ஆனால் பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்துவிட்டது, வெடிமருந்தும் தீர்ந்தது. புத்தகத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வரும் மூன்று ஆண்டுகள். அதில் ரயில் எதுவும் கவிழ்வதில்லை. காய்ச்சல், அட்டை, மரவள்ளிக்கிழங்கு, மறுபடி காய்ச்சல். பதினேழு நாள் நினைவில்லாமல் கிடக்கிறார். பத்து மைல் காட்டைக் கடக்க பன்னிரண்டு நாள் ஆகிறது. ஜப்பானியரிடம் பிடிபட்டு, அவர்கள் கூடாரத்திலேயே படுத்திருந்து, ராத்திரியில் துணிக்கு அடியில் நழுவி ஓடுகிறார். சீனக் கம்யூனிஸ்டுகளின் முகாம்களில் பயிற்சி கொடுக்கிறார், பறவைகளைக் குறித்துக்கொள்கிறார், சண்டையே நடப்பதில்லை என்று எரிச்சல்படுகிறார்.

இந்த எரிச்சலோடுதான் எனக்கு முதல் தகராறு. மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை அப்போது உயிரோடு இருந்ததே பெரிய காரியம். 1942 செப்டம்பர் 1-ஆம் தேதி பத்துமலைப் பக்கம் கூடியிருந்த அதன் தலைவர்களை விடியற்காலையில் ஜப்பானியர் சுற்றிவளைத்துக் கொன்றார்கள். காட்டிக் கொடுத்தவன் கட்சியின் பொதுச்செயலாளர் லாய் தேக். அவன் காட்டிக் கொடுத்தான் என்று தெரியாமலேயே கட்சி யுத்தம் முடியும்வரை அவனுடைய தலைமையில் நடந்தது. இந்த நிலைமையில் பதுங்கியிருப்பது கோழைத்தனமா உத்தியா? சேப்மனுக்கு இந்தக் கேள்வி வரவில்லை. சின் பெங்கின் 'மை சைட் ஆஃப் ஹிஸ்டரி'யை (2003) பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். சித்தியவானில் சைக்கிள் கடைக் குடும்பத்துப் பையன் அவர். 1943-இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்திறங்கிய ஜான் டேவிஸைச் சந்திக்கப் போனபோது வயது இருபதுகூட ஆகவில்லை. அவருடைய வேலையில் சுடுவதை விட ஆளை அழைத்துப் போவதும் செய்தி கொண்டு வருவதும் சாப்பாட்டுக்கு வழி செய்வதும்தான் அதிகம்.

சாப்பாடு. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

காடு யாருக்கும் நண்பனுமில்லை, எதிரியுமில்லை. மனத்திடம் இருந்தால் பிழைக்கலாம், இல்லாதவன் சில மாதத்தில் செத்துப்போவான் என்பது சேப்மனின் வாதம். தலைப்பே அதுதான். எல்லோரும் மெச்சும் தலைப்பு. ஆனால் அவருடைய பக்கங்களே அதை மறுக்கின்றன. அவர் மனத்திடத்தால் பிழைத்தார், சரி. அரிசி எங்கிருந்து வந்தது? காட்டோரத்துச் சீனக் குடியிருப்புகளிலிருந்து. கிழங்கும் காய்கறியும் பயிரிட்டுக்கொண்டு, ராத்திரியில் மூட்டை சுமந்து மேலே வந்தவர்களிடமிருந்து. வழி காட்டியவர்கள் ஒராங் அஸ்லி மக்கள். (புத்தகம் அவர்களைக் குறிக்கப் பயன்படுத்தும் பழைய சொல்லை இன்று யாரும் எழுதக் கூடாது.) காடு நடுநிலையாக இருந்திருக்கலாம், காட்டோரம் நடுநிலையாக இருக்கவில்லை. அங்கே இருந்தவன் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும், சாய்ந்ததற்கு விலையும் கொடுக்க வேண்டும். 1942 மார்ச்சில் நெகிரி செம்பிலான் தித்திக்குப் பக்கத்தில் ஜூ லூங் லூங் என்ற சீனக் கிராமத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஜப்பானியர் கொன்றார்கள். கெரில்லா ஓடிவிடுவான். கிராமம் ஓட முடியாது.

இதைப் பிரிட்டிஷார் நன்றாகவே புரிந்துகொண்டார்கள் என்பதுதான் கசப்பான விஷயம். சேப்மனின் புத்தகம் வந்த ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அவர் கூடச் சாப்பிட்ட முகாம் தோழர்கள் இப்போது 'பயங்கரவாதிகள்'. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சுமார் ஐந்து லட்சம் காட்டோரக் குடியேறிகளை முள்வேலிக்குள் புதுக்கிராமங்களாக அடைத்தார்கள். தோட்டத்து லயங்களுக்கும் வேலி வந்தது. சில பகுதிகளில் பச்சரிசி விற்பதையே நிறுத்தி, பொதுச் சமையலில் ஆக்கிய சோறாகத்தான் கொடுத்தார்கள். சோறு கெட்டுவிடும், காட்டுக்குக் கடத்த முடியாது. கெரில்லாவை வளர்த்தது காடல்ல, காட்டோரத்துச் சோறுதான் என்பதை அந்தச் சட்டம் எழுதிய அதிகாரி சேப்மனைவிடத் தெளிவாக அறிந்திருந்தான்.

இனி வேட்டிக்கு வருகிறேன். அந்த இரண்டு வாரமும் மூவரும் வேடம் போட்டுக்கொண்டு போனார்கள். முகத்திலும் கையிலும் கருப்புச் சாயம், அழுக்குச் சட்டை, வேட்டி, தலையில் துண்டு. தமிழ்க் கூலி வேடம். உயரமான வெள்ளைக்காரனைச் சீனனாக மாற்றுவது கஷ்டம். தமிழனாக மாற்றலாம். தவிர, ராத்திரியில் சடக்கோரம் நடந்துபோகும் தமிழ்க் கூலியை எந்த ஜப்பானியனும் இரண்டாவது முறை பார்க்கப்போவதில்லை. நூலில் நம்மவர்கள் வரும் இடங்களில் என் நினைவில் நிற்பது முகமோ பெயரோ இல்லை, இந்த உடுப்புதான். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. ராசா நிலையம் தாண்டும்போது சிரிப்பு போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கெரில்லாவின் முதல் உத்தி என்றால், இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் போகாமலேயே அதில் தேர்ந்திருந்தார்கள்.

எதிர்ப்புப் படையின் தொப்பியில் மூன்று நட்சத்திரம் இருக்கும். மலாய்க்காரர், சீனர், இந்தியர். அதனால்தான் 'பிந்தாங் தீகா' என்று பெயர். மூன்றாவது நட்சத்திரத்தைப் பற்றி நம் இலக்கியம் அதிகம் பேசவில்லை. ஜப்பான் காலம் என்றால் நமக்கு சயாம் ரயில்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. அல்லது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வழியாக மெடான், பினாங்கு, நேதாஜி படை. ரயில் பாதை போடச் செத்தவர்கள் நம்மவர்கள், அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது? குறை சொல்லவில்லை. ஆனால் அதே நாளில் இங்கே ரயில் பாதையை அறுத்தவர்கள் நம் உடுப்பில் நடந்துபோனார்கள், அது இன்னும் ஒரு கதையாகவில்லை.

என் தாத்தாவின் தம்பி களும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான் வந்தபோது பதினோரு வயது. சேப்மன் குண்டு வைத்தது அந்த வட்டாரத்தில்தான். அவர் போய்ச்சேர்வதற்குச் சில மாதம் முன்பு இந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வெள்ளைக்காரன் சாயம் பூசி வேட்டி கட்டிய இடம் வந்ததும் இருமி இருமிச் சிரித்தார்.

"டேய், சாயம் பூசினா சரியாப்போச்சா? நடை இருக்குல்ல? தொர நடையும் வெட்டுக்காரன் நடையும் ஒண்ணா? ஜப்பான்காரன் வேணும்னா ஏமாறுவான். நம்ம ஆளு ஒருத்தன் எதுக்க வந்தா, இருட்டுலயே தெரிஞ்சிருக்கும்."

எனக்குச் சட்டென்று ஒரு பரவசம். அப்படியானால் பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இரண்டு வாரம் அவர்கள் பிடிபடாமல் போனதில் அந்த வாய் திறக்காத ஆட்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம். மூன்றாவது நட்சத்திரம்! கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், "அப்ப நம்ம ஆளுங்க வேணும்னே சொல்லாம விட்டாங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

தாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாருகிட்டப் போயி சொல்றது? சொன்னா மொதல்ல நம்மளத்தான் புடிப்பான். நீ எதுக்கு ராத்திரி சடக்குல நின்னேன்னு கேப்பான்."