கால்சியத்துக்குக் காத்திருக்கும் பையா அது?

பாடப்புத்தகப் படங்களில் எப்பவும் ஒரே கதைதான். பயம் வருகிறது, நரம்பு சைகை தருகிறது, அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் இருக்கும் குரோமாஃபின் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. உடனே அட்ரினலின் நிரம்பிய துகள்கள் செல் சவ்வோடு இணைந்து வாய் திறக்கின்றன. துகள் என்பது கால்சியத்துக்குக் காத்திருக்கும் வெறும் பை.

இந்தப் படத்தோட எனக்கு ரொம்ப நாள் சண்டை. அந்தப் பைக்குள்ளேயே மொத்தம் 40 மில்லிமோலார் அளவுக்குக் கால்சியம் கிடக்கிறது. ஓய்வில் இருக்கும் செல் திரவத்தில் தனித்துத் திரிவதோ 0.1 மைக்ரோமோலார்தான். அவ்வளவும் எப்படி உள்ளே போச்சு?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டுமே மாட்டு அட்ரினலில் இருந்து வந்தவை. 1980களின் தொடக்கத்தில் மான்ஃபிரெட் கிராட்ஸ்ல் குழுவினர் துகள்களைத் தனியே பிரித்தெடுத்துப் பார்த்து, சோடியம் வெளியே போக அதற்கு மாற்றாகக் கால்சியம் உள்ளே வருகிறது என்றார்கள். 2008இல் ஸ்பெயின் குழு ஒன்று, ஜெல்லிமீனின் ஒளிரும் புரதமான ஏகோரினைத் துகளுக்கு அனுப்பி, செல்லுக்குள்ளேயே அளந்தது. அவர்கள் கண்டது ஏடிபியில் ஓடும் பம்ப். தாப்ஸிகார்ஜின் போட்டால் அது நின்றுவிடும்.

முதல் சோதனையில் துகள் தன் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. அது ஒரு குறை. இரண்டாவதில் எனக்கு வேறு சந்தேகம். தாப்ஸிகார்ஜின் தடுப்பதாகப் பேர்போனது எண்டோபிளாச வலையின் பம்பை. துகளுக்குப் போகும் எந்தப் புரதமும் அந்த வலை வழியாகத்தானே போகணும்? வழியில் தங்கிவிட்ட ஏகோரின் எவ்வளவு ஒளிர்ந்தது?

கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் சரியில்லை. அதே 2008 ஆய்வில் உள்ளே கட்டில்லாமல் இருந்த கால்சியம் 50 முதல் 100 மைக்ரோமோலார்தான். மீதியெல்லாம் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்து வைப்பதில் பெரும்பங்கு குரோமோகிரானின் என்ற புரதத்துக்கு. அது இறுக்கிப் பிடிப்பதில்லை, ஆனால் ஏராளமாகப் பிடிக்கும்.

இந்தப் புரதம் வழியாகத்தான் கதை எங்க முகப்பேருக்கு வருகிறது. குரோமோகிரானின் ஏ-யிலிருந்து வெட்டுப்பட்டு வரும் காடெஸ்டாடின் என்ற துண்டு, செல்லின் நிகோடினிக் ஏற்பியை அடைத்து, வெளியிலிருந்து கால்சியம் வருவதையே குறைக்கும். அந்தத் துண்டின் 364ஆம் இடத்தில் சிலருக்குக் கிளைசினுக்குப் பதில் செரின். 2007இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, இந்த மாற்றம் ஆண்களை ரத்தக்கொதிப்பிலிருந்து காக்கிறது என்றது. 2016இல் ஐஐடி மெட்ராஸின் நிதிஷ் மகாபாத்ரா குழு, முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவர்களோடு சேர்ந்து, நேர்மாறாகச் சொன்னது: நம்ம ஊர்க்காரர்களுக்கு இது அழுத்தத்தைக் கூட்டுகிறது. அமெரிக்க முடிவை வைத்து இங்கே ஒருத்தருக்கு ‘உங்களுக்குப் பயமில்லை’ என்று சொல்லியிருந்தால்?

இந்த ஓரெழுத்து மாற்றம் துகளின் கால்சியப் பிடிப்பையும் குலைக்குமா? குலைக்காது என்றே நினைக்கிறேன். கால்சியத்தைப் பிடிப்பவை முக்கியமாக எதிர்மின் அமினோ அமிலங்கள். கிளைசினுக்கும் செரினுக்கும் மின்னூட்டமே கிடையாது. ஆனால் இது என் ஊகம். துகளைத் திறந்து பார்த்துத்தான் சொல்லணும்.