கணக்குப் பிள்ளைக்கு உயிரியல் எதற்கு?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு வடலூர், குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வட்டாரப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை களைகட்டிவிடும். கணக்கில் தொண்ணூறைத் தாண்டிய பிள்ளை என்றால், "கம்ப்யூட்டர் குரூப்ல போடுங்க, பயாலஜி வீண் சுமை" என்று சொல்ல ஒரு சித்தப்பாவாவது இருப்பார். கணக்கு வந்தால் இன்ஜினீயர், படம் வரைய வந்தால் டாக்டர். உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொன்ன வள்ளலாரின் ஊரிலும் உயிரியலுக்குப் பெயர் மனப்பாடப் பாடம்தான்.

குரூப் முறையைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியரும் ஆய்வகமும் அளவாக உள்ள அரசுப் பள்ளியில், பிடித்த பாடங்களை எல்லாம் கலந்து எடுத்துக்கொள் என்றால் கால அட்டவணையே போட முடியாது. நாலு பாடத்தை இரண்டு வருடம் ஊன்றிப் படிப்பதிலும் பலன் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஃபர்ஸ்ட் குரூப் தாராளமான ஏற்பாடு. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் ஒரே பிள்ளைக்குக் கிடைக்கின்றன. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதம் 100. நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியல் 360. இரண்டுக்கும் முயலலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் குரூப் பிள்ளை உயிரியலைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகுகிறது. ப்யூர் சயின்ஸ் பிள்ளை கணக்கை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மீன்வளத்தை மதிப்பிடவோ பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டின் வளர்ச்சியை அளக்கவோ புள்ளியியல் இல்லாமல் நகர முடியாது. கணக்கிடமிருந்து தப்பிக்க விலங்கியல் எடுத்தவரை அது அங்கே வந்து பிடித்துக்கொள்ளும்.

இரண்டையும் படிக்கும் ஃபர்ஸ்ட் குரூப்பிலும் அவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை. பிளஸ் டூ விலங்கியலில், பரிணாமப் பாடத்தில், ஹார்டி–வெயின்பெர்க் விதி வருகிறது. ஹார்டி கணிதப் பேராசிரியர். நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தாரே, அவரேதான். வெயின்பெர்க் ஜெர்மானிய மருத்துவர். 1908-ல் இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். வகுப்பில் இது பெரும்பாலும் அடிக்கோடிட்டு ஒப்பிக்கும் வரியாகவே போய்விடுகிறது.

போட்டுப் பார்த்தால் தெரியும் அதன் ருசி. ஒடுங்கு மரபணுவால் வரும் ஒரு நோய் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் வர அந்த மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும்; அதனால் வர்க்கமூலம் எடுத்தால் அதன் விகிதம் 1/100. நோய் வெளியே தெரியாமல் அதைச் சுமப்பவர்கள் 2 × 1/100 × 99/100, அதாவது ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர். நோயாளி கண்ணில் படவே மாட்டார். சுமப்பவரோ வகுப்புக்கு ஒருவர் வீதம் இருப்பார். இந்தக் கணக்கு, யாரும் யாரையும் மணக்கலாம் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நாம் அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டுகிறவர்கள். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு உட்கலப்புக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, 1/16. அதைச் சேர்த்தால் பத்தாயிரத்துக்கு ஒன்று, ஏழாகிறது. அக்காள் மகளைக் கட்டினால் கெழு 1/8, பதின்மூன்றாகிறது. கணக்குப் பைத்தியமான ஒரு பிள்ளை தன் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை வேறு கண்ணோடு பார்க்க இந்த ஒரு பக்கம் போதும். உயிரியல் மேல் ஆசை வருவது இப்படித்தான். டாக்டர் கனவால் மட்டுமல்ல.

இந்த ஆசை தாமதமாக வந்தவர்களில் பெரிய பெயர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். மூன்று வயதிலேயே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. நாம் கொண்டாடும் அளவுக்கு ஊர் அவரை வளர்க்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இயற்பியல் படித்தார். 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியலே பிடிக்கிறது என்று சான் டியாகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். பிறகு யேலில் ரைபோசோம் ஆய்வு. செல்லுக்குள் புரதம் தயாராகும் அந்த இயந்திரத்தின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடு வேதியியல் நோபல். எக்ஸ்-கதிர்ச் சிதறலைக் கொண்டு அணுக்களின் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அது; இயற்பியலும் கணக்கும் அங்கே வீணாகவில்லை.

இவரைக் காட்டி, "திறமை இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்" என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய பெற்றோர் இருவருமே விஞ்ஞானிகள். இருபத்து நாலு வயதில் முதலிலிருந்து தொடங்க அவருக்கு வழி இருந்தது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணானாலே படிப்பு நின்றுபோகும். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் பின்னர் அதைக் கூடுதல் பாடமாகப் படித்து நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அனுமதித்தது நல்ல காரியம். அதுவும் மருத்துவத்துக்கான வழிதான். ஆராய்ச்சிக்கு ஆசைப்படும் பிள்ளைக்கு அப்படி ஒன்று கண்ணில் படவில்லை.

ஆகவே குரூப்பை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையை உயிரியலிலிருந்து பிரிக்காதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்வேன். பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் இருந்தால் அதிலேயே சேருங்கள். தலைமை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பரிணாமப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒரு பீரியடைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.