குதிரைத் திறனும் மாட்டு உழைப்பும்: சாம்பியன் ரீப்ஸ் சுரங்கச் சொற்களை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

0. முன்னுரை

ஒரு விலங்கின் பெயர் அவ்விலங்கை மட்டும் சுட்டி அமைவதில்லை. அவ்விலங்கோடு அம்மொழி பேசுவோர் கொண்டிருந்த உறவையும் அது உடன் சுமந்து வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்’ என்பது ஏர் உழுத, ஆலை சுழற்றிய, சுரங்கத்தில் வண்டி இழுத்த விலங்கின் பெயர். தமிழில் ‘குதிரை’ என்பது பெரிதும் போர், வாணிகம், வழிபாடு, ஊர்தி ஆகியவற்றோடு தொடர்புடைய பெயர். இரண்டும் சுட்டும் விலங்கு ஒன்றே. சொற்களின் வரலாறு ஒன்றன்று. இவ்வேறுபாட்டைக் கருதாமல் தொழில்நுட்ப நூல்களைப் பெயர்க்கும்போது நேரும் பிழைகளைக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொற்கள் கூடிய இடம்

கோலார்ப் பகுதியில் தங்கம் தோண்டுவதற்கான உரிமையை மைசூர் அரசிடம் லவேல் என்பார் 1873-இல் கேட்டார். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்பில் இங்குச் சுரங்கத்தொழில் நிலைபெற்றது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த சுரங்கத் தொழில் வல்லுநர் தம் தொழிற்சொற்களோடு வந்தனர். வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர் குடியேறினர். சுற்றுப்புறத்தில் தெலுங்கும் ஆட்சியில் கன்னடமும் வழங்கின. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீப்ஸ் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. 28.2.2001 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இவ்வூர்ப் பெயரே மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை எனலாம். ‘ரீப்’ என்பதற்குப் பொது அகராதி தரும் பொருள் கடலடிப் பாறைத் திட்டு. சுரங்கத்தார் வழக்கிலோ அது தாது ஓடும் பாறை நாளம். கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஊரின் பெயரில் கடற்பாறையைக் காண்பது எத்தகைய பிழையோ, அத்தகைய பிழைக்கே ‘ஹார்ஸ்’ என்னும் சொல்லும் இடமளிக்கிறது.

2. தமிழில் குதிரைச் சொற்கள்

சங்க நூல்களில் மா, பரி, புரவி, இவுளி, கலிமா, பாய்மா எனப் பல பெயர்கள் பயில்கின்றன. இவற்றுள் ‘இவுளி’ என்பதைப் பிராகூயி மொழிச் சொல்லோடு பரோ, எமனோ ஆகியோரின் திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதி இணைத்துக் காட்டுகிறது. ‘பரி’ குதிரையையும் அதன் நடையையும் ஒருங்கே குறிக்கும். பாய்மா, கலிமா என்பன பாய்ச்சலையும் செருக்கையும் அடையாகக் கொண்டவை. இப்பெயர்களில் விரைவும் வீறும் புலப்படுகின்றனவே அன்றி, உழைப்புப் புலப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்த செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. பாண்டிய நாட்டார் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து மேலைக் கடல் நாடுகளிலிருந்து குதிரை வாங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். குதிரை வாங்க அரசன் தந்த பொருளைக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சராகவே மாணிக்கவாசகரைப் புராணம் காட்டுகிறது. அத்துணை விலை கொடுத்துக் கடல் கடந்து வாங்கிய விலங்கை ஏரிலும் செக்கிலும் பூட்டுவது இயல்பன்று. உழைப்பு மாட்டின் பங்காயிற்று. அதனாலேயே ஓய்வின்றி உழைப்பவனைத் தமிழர் ‘மாடாய் உழைக்கிறான்’ என்றனர். ‘குதிரையாய் உழைக்கிறான்’ என்று கூறும் வழக்கம் இல்லை. நகரங்களில் ஜட்கா இழுத்த குதிரை இதற்கு விலக்கு. எனினும் அவ்விலக்குப் பொது வழக்கை மாற்றும் அளவிற்கு நீடிக்கவில்லை.

3. அளவை: குதிரைத் திறன்

ஆலைகளில் குதிரை செய்த வேலைக்கு ஈடாக நீராவிப் பொறியின் ஆற்றலைக் கணிக்க ஜேம்ஸ் வாட் நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு என்னும் அளவை வகுத்தார். வாங்குவோர் தாம் அறிந்த குதிரைகளோடு பொறியை ஒப்பிட்டுப் பார்க்க இது உதவியது. தங்கவயலிலும் இவ்வளவையே வழங்கியது. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. மைசூர் அரசுக்கும் சுரங்க நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் மின்சாரத்தின் விலை குதிரைத் திறன் கணக்கிலேயே குறிக்கப்பட்டது.

இவ்வளவைக்குக் கன்னடம் ‘அசுவசக்தி’ என்னும் வடசொற்றொடரை ஏற்றது. தமிழில் ‘குதிரைச் சக்தி’, ‘குதிரைத் திறன்’, ‘பரித்திறன்’ என மூன்று ஆக்கங்கள் தோன்றின. இவற்றுள் ‘பரித்திறன்’ சுருக்கமானது. ஆயினும் ‘பரி’ இலக்கிய வழக்காகிவிட்டமையால் அது பாடநூலைக் கடந்து பரவவில்லை. மக்கள் வழக்கு வேறு வழியில் சென்றது. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டி நீர் இறைத்த உழவர், மின்பொறி வந்தபின் ‘அஞ்சு எச்.பி. மோட்டார்’ என்றனர். அங்கு நீங்கியது மாடு. குதிரை அக்கிணற்றுமேட்டில் என்றுமே இருந்ததில்லை. அதனால் எழுத்துச் சுருக்கத்தையே அவர்கள் பெயராக்கிக் கொண்டனர் எனக் கருத இடமுண்டு. அளவைப் பெயர் உலகப் பொதுமை உடையதாகலின் எழுத்துத் தமிழில் ‘குதிரைத் திறன்’ என்பதை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் உரையாடலைப் பெயர்க்கும்போது ‘எச்.பி.’ என்பதே இயல்பானது.

4. கருவியும் பாறையும்

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது அளவைக்குப் பொருந்தினும் கருவிக்குப் பொருந்தாது. கார்ன்வால் சுரங்கத்தார் ‘ஹார்ஸ் விம்’ என்றது, குதிரை வட்டமாக நடந்து நிமிர்ந்த அச்சுடைய உருளையைச் சுழற்ற, அதில் கயிறு சுற்றித் தாது வாளியை மேலே தூக்கும் பொறியை. ‘குதிரை விம்’ என்றால் தமிழ் வாசகருக்கு எதுவும் விளங்காது. செக்கைச் சுற்றிவரும் மாட்டின் நடையைக் கண்டவருக்கோ ‘செக்கு முறையில் குதிரை சுழற்றும் ஏற்று உருளை’ என்ற விளக்கமே போதும். விலங்கை மாற்றாமல், தெரிந்த இயக்கத்தைக் கொண்டு தெரியாத பொறியை உணர்த்துவது இங்கு ஏற்ற முறையாகும்.

தாது நாளத்தின் நடுவே அகப்பட்ட தாதற்ற பாறைப் பகுதியையும் சுரங்கத்தார் ‘ஹார்ஸ்’ என்பர். இதனைக் ‘குதிரை’ எனப் பெயர்ப்பின் வாக்கியமே பொருளிழக்கும். ‘இடை வெறும்பாறை’ என்பது பொருந்தும். எனினும் கருவிப் பகுதிக்குக் குதிரையின் பெயரிடுவது தமிழுக்குப் புதிதன்று. வீணையின் நரம்பைத் தாங்கும் பகுதியும் துப்பாக்கியின் விசையும் ‘குதிரை’ எனப்படுகின்றன. ஆயின் இவ்வுருவகங்கள் தமிழில் தாமே எழுந்தவை. வேற்று மொழியின் உருவகம் தமிழிலும் அதே இடத்தில் அமையும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

5. வேரூன்றிய தொடரும் வேரூன்றாத தொடரும்

ஆங்கிலத்திலிருந்து வந்த குதிரைத் தொடர்கள் அனைத்தும் தமிழில் தோல்வியுற்றன எனல் பொருந்தாது. அரசியல் செய்திகளில் ‘குதிரை பேரம்’ என்பது இன்று எவருக்கும் விளங்கும் தொடர். விலையுயர்ந்த குதிரை, அதற்கான பேரம், அதனுள் ஒளிந்த வஞ்சனை ஆகியன நரியைப் பரியாக்கிய கதையைக் கேட்ட மக்களுக்கு அயலானவை அல்ல. பந்தயத்தையொட்டிய ‘கறுப்புக் குதிரை’யும் செய்தித்தாளில் ஓரளவு இடம்பெற்றது. ஆனால் உழைப்பைக் குறிக்கும் ‘வொர்க்ஹார்ஸ்’ என்பதற்கு ‘உழைக்கும் குதிரை’ என்னும் பெயர்ப்பு நிலைபெறவில்லை. வாணிகமும் ஓட்டமும் சார்ந்த தொடர் தமிழில் முன்பே இருந்த நினைவைப் பற்றிக்கொண்டது. உழைப்புச் சார்ந்த தொடருக்குப் பற்றுக்கோடு கிடைக்கவில்லை.

6. மட்டக்குதிரையும் மனிதரும்

இச்சிக்கல் சொல்லழகு பற்றியது மட்டுமன்று. பிரித்தானியாவில் 1842-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலத்தடிச் சுரங்க வேலையிலிருந்து விலக்கியது. அதன்பின் நிலக்கரிச் சுரங்கங்களில் மட்டக்குதிரைகளின் பயன்பாடு பெருகியது. 1913-ஐ ஒட்டி அங்கு ஏறத்தாழ 70,000 விலங்குகள் உழைத்தன. எனவே பிரித்தானியச் சுரங்க நூலில் வண்டி இழுத்தது எனின் மட்டக்குதிரை நினைவுக்கு வருவது முறையே.

தங்கவயலில் நெடுங்காலம் தண்டவாளத்தின்மேல் தாது வண்டிகளைத் தள்ளியவை மனிதக் கைகள். ஆங்கில அறிக்கை நடையில் செயப்பாட்டு வினை மிகுதி. தள்ளியவர் யார் என்பது அதில் மறைகிறது. அதனைத் தமிழில் ‘தாது கொண்டு செல்லப்பட்டது’ என எழுதுவது இலக்கணப் பிழையன்று; ஆனால் மறைவு தொடர்கிறது. சூழல் உறுதிப்படுத்தும் இடத்தில் ‘தொழிலாளர் தாது வண்டிகளைத் தள்ளிச் சென்றனர்’ எனச் செய்வினையில் எழுதுவதே உண்மைக்கு நெருங்கியது. நாள் முழுதும் உழைக்கும் ஒரு மனிதரின் ஆற்றல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குதிரைத் திறன். பொறிகளின் குதிரைத் திறன் ஒப்பந்தத்தில் எண்ணாக நிற்க, இந்தப் பத்தில் ஒரு பங்கு எந்தத் தொகையிலும் சேராமல் போவதற்கு மொழிபெயர்ப்பும் துணைபோகலாகாது.

7. முடிவுரை

‘ஹார்ஸ்’ என்னும் சொல் அளவையாக வரின் குதிரையாகவே நிற்கலாம். கருவியாக வரின் விளக்கப்பட வேண்டும். பாறையாக வரின் நீங்க வேண்டும். உழைப்பின் உவமையாக வரின் தமிழ் மாட்டுக்கு இடந்தர வேண்டும். இவ்வேறுபாட்டைக் கலைச்சொல் அகராதியின் ஒற்றை நிகரன் காட்டாது. சுரங்கம் மூடப்பட்ட பின் அதன் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் ஆங்கில ஆவணங்களையே பெரிதும் சார வேண்டியுள்ளது. அவர்கள் பெயர்க்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் வேலை செய்தது குதிரையா, மாடா, மனிதரா என்று முதலில் தெளிவது, ஏற்ற சொல்லைத் தேர்வதற்கும் முற்பட்ட கடமையாகும்.